வேறு கையெழுத்து

கெர்லிண்டே தண்ணீர் மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தன் கணவர் இன்னொருத்தியின் முழங்கையைப் பிடித்தபடி நடந்து வருவதைப் பார்த்தாள்.

பச்சைக் கோட்டு. மிஞ்சிப்போனால் நாற்பது வயது இருக்கும்.

நினைத்தது சரியாகிவிட்டதில் அவளுக்கு ஒரு அற்பத் திருப்தி கூட வந்தது.

அவள் கைப்பையில் அவர் இங்கிருந்து அனுப்பிய அஞ்சலட்டை இருந்தது. ‘வெயில் நன்றாக அடிக்கிறது. சாப்பாடு பரவாயில்லை. வயிறு தேறி வருகிறது. உன் ஃபோல்க்மார்.’ நில அளவை அலுவலகத்தில் முப்பது வருடம் வரைபடம் வரைந்த மனிதர். அவர் எழுதினால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். அட்டையில் இருந்ததோ குண்டு குண்டான எழுத்து. சந்தேகமே இல்லை, பெண் எழுத்துதான்.

இந்த மாதிரி மருந்து ஊற்றுத் தண்ணீர் உள்ள ஊருக்கு மூன்று வார வைத்தியத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு ஜோடி அமைந்துவிடும் என்பது அவர்கள் பக்கத்தில் ஊரறிந்த சங்கதி. அதற்கு ‘நிழல்’ என்று பெயர் வேறு. மூன்று வாரமும் கூடவே திரியும், ரயில் ஏறியதும் காணாமல் போகும். பக்கத்து வீட்டு எடெல்ட்ரௌட் வேலிக்கு மேலே தலையை நீட்டி விசாரித்தாள்.

“என்னடி, உன் வீட்டுக்காரருக்கு நிழல் கிடைச்சாச்சா?”

அன்றைக்கு கெர்லிண்டே சிரித்தாள். அட்டை வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. பழசெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ரயிலில் போனால் நிம்மதி என்று சொல்லி அவர் கார் ஓட்டுவதை விட்டு ஒரு வருடம் ஆகிறது. காலையில் பேப்பர் படிப்பதையும் நிறுத்திவிட்டார். போன மாதம் அவள் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு வந்து எதிரே நின்றாள். அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

மனசு வேறு எங்கேயோ இருந்தால் மனைவி எங்கே கண்ணுக்குத் தெரியப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

மண்டபம் முழுக்க ஊற்றுத் தண்ணீரின் கந்தக வாடை, அழுகிய முட்டை மாதிரி அடித்தது. ஆட்கள் கோப்பையும் கையுமாக, ஒரு வாய் குடிப்பதும் நாலு அடி நடப்பதுமாக இருந்தார்கள். இங்கே யாரையும் என்ன உடம்புக்கு என்று கேட்க வேண்டியதில்லை. எந்தக் குழாயில் பிடிக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். முதல் குழாய் வயிற்றுக்கு.

ஃபோல்க்மார் முதல் குழாயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போனார்.

இருவரும் பின்வாசல் வழியாகத் தோப்புப் பக்கம் திரும்பினார்கள்.

வயிற்று வலியாம் வயிற்று வலி! கெர்லிண்டேவுக்கு முகம் எரிந்தது. வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்த மேடைக்குப் பின்னால் குறுக்கு வழியில் அவர்களை முந்தி ஓடினாள். தோப்புக்குள் ஒரு பாறை, அதில் ஒரு சின்னக் குழாய், எதிரே ஒரே ஒரு பெஞ்சு. அதன் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வரட்டும். முப்பத்தோரு வருடம் குடும்பம் நடத்திய முகம் என்ன கோலம் ஆகிறது என்று பார்த்துவிடலாம். கேட்க வேண்டிய கேள்விகளை ரயிலிலேயே அடுக்கி வைத்திருந்தாள்.

சரளைக்கல் நொறுங்கும் சத்தம் கேட்டது. பச்சைக் கோட்டுக்காரி அவளைப் பார்த்து, முன்பின் தெரியாதவர்களிடம் சிரிக்கிற மாதிரி சிரித்தாள்.

ஃபோல்க்மார் நேராக கெர்லிண்டேவைப் பார்த்தார்.

முகம் மாறவில்லை. திடுக்கிடவும் இல்லை. எவளோ ஒருத்தி என்பது போல நிதானமாக நடந்து வந்தார். என்ன நெஞ்சழுத்தம்! எழுந்து அறைந்துவிடலாம் போலிருந்தது.

அந்தப் பெண் அவரை விட்டுவிட்டுக் குழாயடிக்குப் போனாள். அவர் கையை நீட்டினார். விரல்கள் பெஞ்சின் முதுகைத் தொட்டு, மெல்லத் தடவிக்கொண்டே வந்து கெர்லிண்டேவின் தோளில் இடித்தன. சுட்டது போலக் கையை இழுத்துக்கொண்டார்.

“ஐயோ, மன்னிச்சுக்கங்க. இங்க யாரோ உக்காந்திருக்கீங்கன்னு தெரியல.”

அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

குழாயடியில் அந்தப் பெண் வெள்ளைத் துணியை நனைத்துக்கொண்டிருந்தாள். குனிந்தபோது கோட்டுக் காலரில் சிகிச்சை விடுதிப் பணியாளரின் பெயர்ப்பட்டை தெரிந்தது. அவள் தலைக்கு மேலே, பாறையில் பாசி படிந்த எழுத்து: ‘கண் ஊற்று’.

ஈரத் துணியை அவர் கண்களின் மேல் மடித்து வைத்தாள். பிறகு பையிலிருந்து ஒரு வெற்று அஞ்சலட்டையையும் பேனாவையும் எடுத்தாள்.

“வயிறு நல்லா ஆயிடுச்சுன்னு எழுதும்மா,” என்றார் ஃபோல்க்மார், துணிக்கு அடியிலிருந்து. “வீட்ல தனியா இருக்கா. தெரிஞ்சா பயந்துடுவா.”

கெர்லிண்டே கையை நீட்டி, அந்தப் பெண்ணிடமிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள்.