மூன்றாம் முறையும் துரு

“இது சட்டியா, கிணத்துல கிடந்த வாளியா? வந்து பாருங்க!”

மனைவி போட்ட சத்தத்தில் அவர் பாதி ஷேவிங்கோடு சமையலறைக்கு ஓடினார். அடுப்பு மேடையில் புது இரும்புச் சட்டி. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச்செவேலென்று துரு. பத்து நாளில் இது மூன்றாவது முறை.

“நேத்து கழுவி, அடுப்புல காய வெச்சு, எண்ணெய் தடவித்தானே வெச்சேன்?”

“தடவின லட்சணம்தான் தெரியுதே! ஈரத்தோட தடவியிருப்பீங்க. முட்டையை ஒட்டாம எடுக்கத் தெரியல, ஒரு சட்டியைப் பழக்கத் தெரியல. மூணு வருஷம் தனியா எப்படிக் குப்பை கொட்டப் போறீங்க?”

அவருக்குச் சுரீரென்று ஏறியது. முப்பது வருடமாக லேத் பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டுகிறவர். தன் பெட்டியில் இருக்கும் ஸ்பேனர் ஒன்றில் துருவைக் காட்டினால் மீசையை எடுத்துவிடுவதாகச் சவால் விடுகிறவர். அவரைப் பார்த்தா இப்படி ஒரு பேச்சு?

“சட்டியே போலி! கடைக்காரன் உன் தலையில மிளகாய் அரைச்சுட்டான்.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!”

வெளியூர்க் கிளைக்கு ஃபோர்மேனாக அவருக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. கம்பெனி கொடுப்பது ஒற்றை அறை, ஒரு அடுப்பு. குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. சம்மதமா இல்லையா என்று நாளைக்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

செய்தியைச் சொன்ன அன்று, ‘போகாதீங்க’ என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்றுதான் நினைத்தார். அவளோ, “நல்லதாப் போச்சு, போயிட்டு வாங்க” என்றாள். மறுநாளே கடைக்குப் போய் இந்தச் சட்டியை வாங்கி வந்துவிட்டாள். “ஓட்டல் சாப்பாடு உங்க வயித்துக்கு ஆகாது. பழக்கி எடுத்துட்டுப் போங்க.” அதுதான் அவருக்கு ஆறவே இல்லை. இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவள், குடியிருப்பவனைக் காலி செய்வது போல மூட்டை கட்டுகிறாளே!

“என்னை அனுப்புறதுல உனக்கு அவ்வளவு அவசரம்!” என்று வெடித்தார்.

“அடுப்புப் பத்த வெக்கத் தெரியாத ஆளை எங்க அனுப்புறது? பட்டினி கிடந்து எலும்பும் தோலுமா வந்து நிப்பீங்க. பார்க்கிறவங்க என்னைத்தான் காறித் துப்புவாங்க!”

“இன்னிக்கு சாயங்காலம் உன் கண்ணு முன்னாடியே பழக்குறேன். அப்புறம் பேசு!”

வேலை முடிந்து வந்ததும் வராததுமாகக் கம்பி நாரை எடுத்துத் துருவைத் தேய்த்தார். அடுப்பில் வைத்து ஈரம் பொட்டில்லாமல் காயவிட்டார். சொட்டு எண்ணெய் விட்டு, துணியால் சட்டி முழுக்கப் பூசி, பூசினதே தெரியாத அளவுக்குத் துடைத்தார். புகை வரும்வரை சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடியும் பூசினார். நாலு தடவை. கடைசியில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றினார். அது ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தது.

“இப்ப என்ன சொல்ற?”

கையைக் கட்டிக்கொண்டு நின்றவள், “காலையில பார்த்துட்டுச் சொல்றேன்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்? அவர் அந்த முட்டையைக்கூடத் தொடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிட்டார்.

காலையில் மறுபடியும் அதே சத்தம்.

“ஐயோ, இன்னிக்கும் துரு! நான் சொன்னேனா இல்லையா? உங்களை நம்பி ஒரு சட்டியை விட முடியல!”

அவர் வந்து பார்த்தார். சட்டியின் நடுவில் சிவப்பாக ஒரு வட்டம். அவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சண்டைக்குத் தயாராக நின்றாள்.

“நீ சொல்றதுதான் சரி” என்றார். “எனக்கு இது வராது. போகலைன்னு எழுதிக் கொடுத்துடுறேன்.”

“ஒரு சட்டிக்காக யாராவது பதவியை விடுவாங்களா? கூறு கெட்ட மனுஷன்!” என்று கத்தினாள். சற்று முன் கத்தின வேகத்தில் பாதிகூட இப்போது குரலில் இல்லை.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். விடியற்காலையில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, அவள் சட்டியில் ஊற்றி வைத்திருந்த உப்புத் தண்ணீரைச் சத்தமில்லாமல் கொட்டிவிட்டு, துரு பிடித்திருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்து அழுதுகொண்டிருந்ததை அவர் பார்த்திருந்தார்.