ஒரே ஒரு பெண் பூச்சி

மன்னார்புரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கல்லூரியில் ரஞ்சனி புலி அந்துப்பூச்சிகளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். அவள் எடுத்துக்கொண்ட வகையில் ஆண் பூச்சிகள் சிவப்பு. தலையில் உள்ள உணர்கொம்பு சீப்பின் பற்கள் போல இருக்கும். பெண் என்று அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அது மஞ்சள், உணர்கொம்பு வெறும் நூல். மூன்று வருடங்களுக்கு முன் அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறைச் சுவரில் பிடித்துக் கொன்று, ஊசி குத்திப் பெட்டியில் வைத்தது. சிவப்பும் மஞ்சளும் ஒரே இனம்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று பேராசிரியர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை காலை அவள் பெட்டியின் பூட்டைத் திறந்தபோது, அந்த இடத்தில் ஊசியும் பெயர்ச்சீட்டும் மட்டும் இருந்தன. ஆய்வக உதவியாளர் தமிழ்மணி மேசைக்கு அடியில் தேடிவிட்டு ஜன்னல் பக்கம் போனார். அங்கேயே நின்றுவிட்டார்.

"மேடம், இங்க வாங்க. முட்டை வச்சிக்கிட்டு இருக்கு."

கண்ணாடியில் வெளிர்மஞ்சள் முட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன.

"இது பொரிஞ்சு ரெண்டு நிறமும் வந்துச்சுன்னா, ஒரே இனம்னு ஆயிடுமில்லங்க?"

"ஆயிடும் தமிழ்மணி, ஆயிடும்." அவள் கண் கலங்கச் சிரித்தாள்.

"செத்து மூணு வருஷம் ஆச்சேங்க மேடம்" என்றார் அவர் மெதுவாக.

அவள் முட்டைகளை எண்ணினாள். நாற்பத்தொன்று. பூச்சி இன்னும் நிறுத்தவில்லை. காலை வெயில் அதன் முதுகில் இருந்த ஊசித்துளை வழியாக வந்து, கடுகளவு வெளிச்சமாக அவள் உள்ளங்கையில் விழுந்தது.