இரண்டு பேர் டிக்கெட்

மெல்போர்னில் இருக்கும் மகளின் பிரசவத்துக்காக எனக்கும் என் மனைவி சுலோச்சனாவுக்கும் எடுத்த டிக்கெட், கொரோனாவில் விமானங்கள் நின்றுபோனதால் அப்படியே கிடந்தது. இரண்டாம் அலையில் சுலோச்சனா இறந்துவிட்டாள். டிராவல்ஸ் நடத்தும் இருதயராஜிடம் அதை நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் பெயரை எடுத்துவிடுவார்.

விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியதும் அவர் மாதம் ஒருமுறை கூப்பிட்டார். "தேதி போடலாமா சார்?"

"அவளுக்கு இன்னும் பயம் போகலை" என்பேன்.

பேத்தி பேசத் தொடங்கிவிட்டாள். "எப்பப்பா வர்றீங்க?" என்று கேட்பதை மகள் நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் இருதயராஜ் விடவில்லை. "மாஸ்க்கூட வேண்டாம்னுட்டாங்க சார். இந்த மாசத்தோட டிக்கெட் செல்லாது. நீங்க பேசி வேலைக்காகாது, போனை அக்காகிட்ட குடுங்க."

ஸ்பீக்கரைப் போட்டு, போனை அவள் கட்டில் பக்கமாக நீட்டினேன்.

"அக்கா, நல்லாருக்கீங்களா? பேத்தியப் பார்க்க ஆசையில்லையா? உங்கள விட்டுட்டுத் தனியாப் போக சாருக்கு மனசில்ல. சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போட்டுடறேன்."

சொல்லிவிட்டு அவர் காத்திருந்தார். கை வலித்தது. போனை நான் இறக்கவில்லை.