அந்த சலூன் சண்டை

"அந்த சலூன் சண்டை ஒண்ணு போதுங்க. குடுத்த காசு வசூல்."

அவள் மைக்கில் சொல்லி முடிப்பதற்குள், போன் லைனில் இருந்த மீசை ஒரு கனைப்புக் கனைத்தார்.

வானொலியில் நேரடி ஒலிபரப்பு. ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் சூப்பர் ஹீரோ படம் நேற்றுதான் வெளியாகியிருந்தது. அதன் நிறைகளைப் பேச அவள். குறைகளைப் பேச, வீட்டிலிருந்தபடியே போனில், நேயர்கள் 'மீசை' என்று செல்லமாக அழைக்கும் பழைய விமர்சகர். ஞாயிற்றுக்கிழமை சினிமா நிகழ்ச்சி பல வருஷமாக அவர் கையில்தான் இருந்தது. இன்று நேயர்கள் இருவரில் யார் பக்கம் சாய்கிறார்களோ, இனி அந்த நிகழ்ச்சி அவர் கைக்கு. அவள் சொதப்பினால், திரும்பவும் அதே நிலையத்தில் டெலிபோன் ஆபரேட்டர் வேலைதான்.

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே அவள் கணவன் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"ஹீரோ பகல்ல பல் டாக்டர், ராத்திரியில வேட்டைக்காரன். காட்டேரியைக் கொல்றதில்லை, கோரைப் பல்லைப் பிடுங்கிட்டு 'போய் வா'ன்னு அனுப்பிடுறான். இந்த யோசனைக்கே கை தட்டலாம்."

குறைகளையும் அவள் மூடி மறைக்கவில்லை. பின்னணி இசை பாதி வசனத்தை விழுங்கிவிடுகிறது. வில்லன் சிரித்தால் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல இருக்கிறது. கதாநாயகிக்கு 'ஐயோ', 'ஓடுங்க', 'பின்னாடி பாருங்க' தவிர வேறு வசனமே இல்லை.

மீசை அங்கேயே பிடித்துக்கொண்டார்.

"அம்மாடி, இதெல்லாம் சில்லறைக் குறை. படம் பூரா கும்மிருட்டு. யார் யாரை அடிக்கிறான்னே தெரியலை. கடைசிச் சண்டையில ஏதோ கண்ணாடி நொறுங்குது. என்ன கண்ணாடி, எவன் உடைச்சான், கடவுளுக்குத்தான் வெளிச்சம். இதுல சலூன் எங்கேருந்து வந்துச்சு?"

"என்ன சார், அவ்வளவு தெளிவான சண்டையைப் போய் இப்படிச் சொல்றீங்க?"

அவள் குரலில் சூடு ஏறியது. காட்சியை அப்படியே எடுத்து வைத்தாள். ஹீரோ துரத்திக்கொண்டு ஒரு சலூனுக்குள் பாய்கிறான். உள்ளே இருக்கிற எல்லாருமே சாதாரண மனிதர்கள் போலத்தான் இருக்கிறார்கள். யார் காட்டேரி? சட்டென்று சுவர்க் கண்ணாடியைப் பார்க்கிறான். நாற்காலியில் ஆள் இருக்கிறது. கண்ணாடியில் இல்லை. கழுத்தில் சுற்றிய வெள்ளைத் துணி மட்டும் அந்தரத்தில் நிற்கிறது.

"சோப்பு நுரையை அள்ளி அவன் கண்ணுல ஒரு அப்பு. நாற்காலியைப் பின்னாடி சாய்ச்சான். தாடையை ரெண்டே விரலால நிமிர்த்தினான். ஒரு இழுப்பு, பல்லு கையில. மத்த காட்டேரிங்க சும்மா இருக்குமா? நம்மளைக் காட்டிக் குடுக்கிறதே இந்தக் கண்ணாடிதான்னு அடிச்சு நொறுக்குதுங்க. அதுதான் சார் நீங்க கேட்ட சத்தம்."

வெளியே அவள் கணவன் இரண்டு கைகளையும் ஆட்டி, 'போதும், நிறுத்து' என்று ஜாடை காட்டிக்கொண்டிருந்தான். அவள் நிறுத்தவில்லை.

நேயர்களின் அழைப்புகள் குவிந்தன. எந்தத் தியேட்டரில் அந்தச் சண்டையைக் காட்டுகிறார்கள் என்று கேட்டவர்கள் பாதி. படத்தைப் பார்த்துவிட்டு, அப்படியொரு காட்சியே இல்லை என்று சத்தியம் செய்தவர்கள் மீதி. அந்த நேரத்தில் லைனுக்கு வந்தார் படத்தின் இயக்குநர்.

"மேடம், நீங்க சொன்னது பிரமாதம். ஆனா நான் சலூன்ல ஒரு நிமிஷம்கூட ஷூட் பண்ணலை. உடைஞ்சது மாளிகை ஜன்னல்."

மீசை சாவகாசமாகச் சிரித்தார்.

"படமே பார்க்காம விமர்சனம் பண்ண வந்துட்டியாம்மா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு அவள் கணவன் உள்ளே வந்து மைக் பக்கம் குனிந்தான்.

"தப்பு என்னோடதுங்க. பக்கத்துல உட்கார்ந்து அவ காதுல கதை சொன்னது நான்தான். மீசை சார் சொன்னது நெசம், திரையில ஒரு மண்ணும் தெரியலை. இவளோ, 'இப்ப என்ன, இப்ப என்ன'ன்னு கையைப் பிடிச்சு உலுக்குறா. ஆசையா வந்தவகிட்ட ஒண்ணும் இல்லைன்னு சொல்ல மனசு வரலை. நான் சலூன் வெச்சிருக்கேன். கண்ணாடிச் சத்தம் கேட்டதும், தெரிஞ்ச சாமானை வெச்சு அடிச்சு விட்டுட்டேன். இங்க வந்து அதையே சொல்லுவான்னு நினைக்கலை."

பிறகு இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த பாகத்துக்கு அந்தச் சண்டை தனக்கு வேண்டும், கடை முகவரி சொல்லுங்கள் என்றார். நிலையப் பொறுப்பாளரின் குரல் அவள் ஹெட்போனில் வந்தது. "நேயர்கள் உன் பக்கம்தான். ஞாயித்துக்கிழமை உனக்கு. கதை சொல்ல அவரையும் கூட்டிட்டு வா."

மீசை மட்டும் விடவில்லை. "எல்லாம் சரிம்மா. அவர் அளந்தார், ஒத்துக்கறேன். பக்கத்து சீட்ல இருந்த உனக்குமா தெரியலை, திரை இருட்டா இருக்குன்னு?"

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். கணவனின் குரல் வந்த பக்கம் கையை நீட்டி, அவன் சட்டையைத் தேடிப் பிடித்தாள்.

"ஏங்க, இருட்டுன்னே சொல்லியிருக்கலாமே. எனக்கு என்ன அது புதுசா?" என்று சிரித்தவள், மேஜையோரம் சாய்த்து வைத்திருந்த வெள்ளைக் கைத்தடியை எடுத்துத் தரையில் தட்டியபடி எழுந்தாள்.