புகழ்ந்து எழுதுங்கள்

வகுப்பு சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அவள் தோழி பெனிட்டா முன்னால் நின்றுகொண்டு படித்தாள். “காவிப் புடவையில் ஒரு பக்தை. வேளாங்கண்ணிக்கு அவளைப் போல நடந்தவர் யாருமில்லை.”

மாலைக் கல்லூரியில் அந்த வாரம் பழைய ஆங்கிலக் கவிதை. புனிதப் பயணம் போகிறவர்கள், ஆளுக்கொரு சித்திரம். கவிஞன் யாரையும் திட்டுவதில்லை என்றார் சார். துறவி வந்தால் அவர் குதிரையின் மினுமினுப்பைப் புகழ்வான். ஜெபத்தைப் பற்றிப் பேச்சே இருக்காது. புகழப் புகழச் சாயம் போகும்.

ஏதாவது பயணத்தில் கூட நடந்த ஒருவரை அப்படித் தமிழில் எழுதி வரச் சொல்லியிருந்தார்.

“திருவாரூரில் கொப்புளம் வெடித்த கால். நாகப்பட்டினத்தில் தூசிகூட ஒட்டாமல் வந்து சேர்ந்தது.”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல். “டவுன் பஸ்ஸா, பாயிண்ட் டு பாயிண்ட்டா?”

அவள் சிரிப்பு நின்றது.

அவள் அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக நேர்ந்துகொண்ட நடை. “எம் மக நடந்தே போனா” என்று அவர் இன்னும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றியதே பெனிட்டாதான். “ஏறுடி, மாதா ஒண்ணும் நினைக்க மாட்டா. நான் மூச்சு விட மாட்டேன்.”

பெனிட்டா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “பேரு போடலையேடி.”

இருவரும் சேர்ந்து நடந்தது வகுப்புக்கே தெரியும்.

“அடுத்து நீங்க” என்றார் சார்.

அவள் எழுதியிருந்ததும் பெனிட்டாவைத்தான். எத்தனை தடவை திருத்தியும் அதில் கிண்டல் வரவில்லை. மார்க் போய்விடும் என்று காலையிலிருந்து பயம்.

எழுந்தாள். எழுதியதை எழுதியபடியே படித்தாள்.

“வழியெல்லாம் என் பையையும் அவளே சுமந்தாள்.”

சிரிப்பு.

அவளுக்கு விளங்கவில்லை. தப்பாக எழுதிவிட்டோமோ?

“என் கால் வலிக்கு அவள் அழுதாள்.”

இன்னும் பலமாக.

இப்போது விளங்கியது. கிண்டல் என்றே கேட்கிறார்கள்.

நிறுத்தியிருக்கலாம். இன்னும் ஒரு வரி இருந்தது.

“அவளை நம்பி எதையும் சொல்லலாம்.”

மேசையைத் தட்டினார்கள். பெனிட்டா மட்டும் குனிந்திருந்தாள்.

“பிரமாதம்” என்றார் சார். “அந்தக் கடைசி வரி, இன்னொரு தடவை.”

அவள் தாளை மடித்தாள்.

பெனிட்டா நிமிரும்வரை காத்திருந்தாள். பிறகு அந்த வரியைச் சொன்னாள்.