லாரியும் புதுப் பேட்டரியும்

வண்டிகள் நிறுத்தும் ஒரு செட்டில் வயதான லாரி ஒன்று கிளம்பாமல் நின்றது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். "இன்னைக்கும் கிளம்பலைன்னா காயலான் கடைதான்" என்று முதலாளி சொன்னது லாரியின் காதில் விழுந்தது.

லாரிக்குப் பழைய பேட்டரியின் ஞாபகம் வந்தது. ஏலக்காய் மூட்டைகளோடு மலையேறிய காலம் அது. பனி கொட்டும் விடியலிலும் ஒரே திருப்பில் உறுமி எழுந்த காலம்.

"அவன் இருந்தவரைக்கும் எனக்கு இந்தக் கேவலம் வந்ததில்ல" என்று புதுப் பேட்டரியிடம் பொருமியது. "உங்கிட்டத் தெம்பே இல்லை."

"இருக்கறதையெல்லாம் குடுக்கறேன் அண்ணே. உங்களுக்கு வந்து சேரலையே."

"அவன் ஒருநாளும் இப்படி எதிர்த்துப் பேசினதில்ல!"

மெக்கானிக் அல்போன்ஸ் வந்தார். பேட்டரியில் பல்பைப் பொருத்தினார், பளிச்சென்று எரிந்தது. இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றித் தனியாக ஓட்டிப் பார்த்தார், ஜோராகச் சுற்றியது. அதை மாட்டிவிட்டு, பேட்டரியிலிருந்து போகும் எர்த் வயரைத் தடவிக்கொண்டே லாரியின் அடிச்சட்டமான சேசிஸ்வரை போனார். வயரை முடுக்கியிருந்த இடம் முழுக்கத் துரு.

"கோளாறு இங்கதான் இருக்கு, துரு கரன்ட்டை மறிக்குது" என்று உப்புத்தாளால் தேய்த்தார். லாரிக்கு வலிக்கவில்லை. கூச்சமாக இருந்தது.

அடுத்த திருப்பில் இன்ஜின் உறுமி எழுந்தது. லாரி செட்டைத் தாண்டி வெகுதூரம் ஓடியது.

கடைசியில் லாரி மெல்லச் செருமியது.

"தம்பி, முன்னாடி ஒரு பள்ளம் வருது. கெட்டியா உக்காந்துக்கோ."