இரண்டாம் சால்

நாகாயியின் புருஷன் செத்து முப்பது நாள் ஆகியிருந்தது. அந்தப் பண்ணையில் அடிமைப் பெண் யாரும் நெடுநாள் விதவையாக இருக்க முடியாது. ஆண்டையே ஓர் ஆளைப் பார்த்து மஞ்சள் கயிறு கொடுத்தனுப்புவார். பிறக்கும் பிள்ளைகள் ஆண்டைக்குச் சொந்தம். இன்று அப்படி ஓர் ஆளோடு காரியக்காரர் வரப்பில் வந்துகொண்டிருந்தார்.

நாகாயி எருக்கூடையைக் கீழே போட்டாள். உழுதுகொண்டிருந்த கொழுந்தன் மாரப்பனின் கையிலிருந்து மேழியைப் பிடுங்கிக்கொண்டாள். பெண் தொட்ட ஏர் பண்ணைக்கு ஆகாது. தொட்டவளை எந்த ஆணும் கட்ட மாட்டான்.

“வேணாம் அண்ணி. முதுகுத் தோலை உரிச்சிருவாங்க.”

“முதுகோட போவட்டும் தம்பி.”

மாடுகள் நகர்ந்தன. காரியக்காரர் வரப்பிலிருந்தே கத்தினார். “விடுடி. பொட்டச்சி தொட்டா மண்ணு வெளங்குமா?”

“தொட்டாச்சுங்க சாமி. இனிமே விட்டு என்ன ஆவப்போவுது?”

கூட வந்தவன் கயிற்றை மடியில் செருகிக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தான். காரியக்காரர் சாட்டையோடு வயலில் இறங்கினார். முதல் சால் கோணல்மாணலாகக் கிடந்தது. அவள் மாடுகளைத் திருப்பினாள். இரண்டாவது சால் கொஞ்சம் நேராக விழத் தொடங்கியது.